தலைவர் ஓணானின் தொண்டை

காலை எட்டரை மணிக்கு சவுண்டுக்காரர் அக்காவிடம் தலைப்பட்டையை நீட்டினார். அதில் மைக் இல்லை.

நாற்பத்திரண்டு நாளாக ஒவ்வொரு காலையும் தவறாமல் நடக்கிற காரியம் இது. நெற்றியைச் சுற்றிக் கட்டுகிற கறுப்புப் பட்டை. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வளைந்து வாய்க்கு நேரே வரும், நுனியில் மிளகளவு மைக். அக்கா மாட்டிக்கொண்டு ஒருமுறை இருமுவாள், சவுண்டுக்காரர் கட்டைவிரலைத் தூக்குவார், அப்புறம்தான் இரண்டு பேரும் டீயைக் கையில் எடுப்பார்கள். இன்றைக்குப் பட்டை மட்டும் வந்தது. கம்பி கழற்றப்பட்ட இடத்தில் டேப் ஒட்டியிருந்தது.

“மைக் எங்கண்ணே?”

“இன்னைக்கு வேணாம்க்கா. பாட்டு ஸ்பீக்கர்ல ஓடும். நீங்க வாயை மட்டும் அசைச்சா போதும்.”

“என் வாயையா, ஓணான் வாயையா?”

சவுண்டுக்காரர் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த ஒயர்கள். அவருக்கு அக்காவைவிடப் பத்து வயது கூடுதல், ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்தப் படப்பிடிப்புக் கூடத்தில் அவள் எல்லோருக்கும் அக்கா. அப்படிக் கூப்பிட உண்மையான உரிமை உள்ளவன் ஒரே ஒருத்தன்தான். அவளோடு கூடப் பிறந்த தம்பி, படத்தின் இயக்குநர்.

சோதனைக்காக யாரோ ஸ்பீக்கரை ஓடவிட்டார்கள். தலைவர் ஓணானின் திருட்டுப் பாட்டு கூடம் முழுக்க ஒலித்தது. வேறு ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல், ஊரே அறிந்த பெரிய நடிகரின் குரல். எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி வழவழவென்று இருந்தது. எங்கேயும் மூச்சு வாங்கவில்லை, எங்கேயும் உடையவில்லை.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பட்டையை அந்த ஒயர்கள்மேல் எறிந்தாள்.

படத்தின் கதை சின்னப் பிள்ளைகளுக்கானது. சத்தத்தால் தூக்கம் கெடுகிறது என்று ஊரின் மேயரான ஒரு நாரை, ஊரில் இருக்கிற வாத்தியங்களையெல்லாம் பிடுங்கி வங்கியின் பாதாள அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறது. அவற்றைத் திருடி மீட்க ஒரு கூட்டம் கிளம்புகிறது: இரண்டு கோழிகள், ஒரு ஆடு, எந்தப் பூட்டையும் திறக்கிற ஒரு நண்டு, தலைவராக ஓர் ஓணான். கூட்டத்துக்கு ஒரே ஒரு வியாதி. பயம் வந்தால் பாட்டு வந்துவிடும். திருடப் போன இடத்தில் யாருக்குத்தான் பயம் வராது? ஆகவே படம் பூராவும் பாட்டு, ஓட்டம், மாட்டிக்கொள்வது, மறுபடி பாட்டு.

எல்லாமே கைப்பொம்மைகள். அதில் தலைவர் ஓணானுக்கு இரண்டு ஆள் வேண்டும். அக்காவின் வலது கை ஓணானின் தலைக்குள் இருக்கும். நாலு விரல் மேல்வாய், கட்டைவிரல் கீழ்வாய். அவளுடைய இடது கை ஓணானின் இடது கை. ஓணானின் வலது கை மட்டும் தம்பியுடையது. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே மூச்சில் இருந்தால்தான் அது ஒரே பிராணியாகத் தெரியும்.

இதில் குரல்தான் முதலில் வந்தது, உடம்பு அப்புறம். ஆறு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குத் தொண்டை கட்டிப் பத்து நாள் பேச்சே இல்லை. தண்ணீர் விழுங்கினாலும் கண்ணில் நீர் வந்தது. பதினோராம் நாள் காலை பால் பொங்கி வழிவதைப் பார்த்து “அடுப்பு! அடுப்பு!” என்று அலறினாள். வந்தது அவள் குரலே இல்லை. பாதி கரகரப்பு, பாதி கீச்சு, நடுவில் ஒரு முறிவு. கோபமா அழுகையா என்று கேட்பவருக்குத் தெரியாது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அக்கா, இன்னொரு தடவை சொல்லேன்” என்று கெஞ்சினான். அன்று மாலையே பழைய மெத்தையைக் கிழித்து, பஞ்சை எடுத்து, அந்தக் குரலுக்கு ஒரு தலை வெட்டினார்கள். அந்தத் தலையோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தார்கள். பிள்ளைகள் வாசல்வரை வந்து அந்தக் குரலில் பேசிக் காட்டுவார்கள். படம் கிடைத்ததே அந்தக் குரலால்தான்.

இப்போது அந்தக் குரல் இல்லாமல் ஓணான் பாடிக்கொண்டிருந்தது.

அக்கா தையல் அறைக்குப் போனாள். தம்பி மனைவி அங்கே ஓணானைத் துணிகளுக்கு நடுவே மடியில் போட்டு, திருட்டுக் காட்சிக்கான கறுப்புக் கழுத்துப்பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். படத்தின் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் தோல் தைத்தவள் அவள்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஊசி நின்றது.

“உனக்குத் தெரியுமா?”

“அண்ணி...”

“தெரியுமா தெரியாதா?”

“மூணு வாரமாத் தெரியும். அவர்தான் சொல்ல வேணாம்னாரு. நேரம் பார்த்து அவரே சொல்றேன்னாரு.”

“நேரம் பார்த்தாரா? நல்ல நேரம்தான் பார்த்திருக்காரு. கழுத்தை அறுக்க எந்த நேரமும் நல்ல நேரம்தான்.”

தம்பி மனைவி அழுதுவிடுவாள் போலிருந்தது. அழட்டும் என்று அக்கா நினைத்தாள். மூன்று வாரமாக ஒரே வீட்டில், ஒரே மேஜையில், “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க அண்ணி” என்று பரிமாறிய கை இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அந்தச் சோற்றையே தனக்குப் போடுவார்கள் என்று தெரியாது.

ஓணானைக் கையில் மாட்டிக்கொண்டு நேரே கேமரா பக்கம் போனாள். தம்பி தயாரிப்பாளரோடு பேசிக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் தேள் கொட்டின திருடன் போல விழித்தான்.

“நாப்பத்திரண்டு நாள் நான் பேசினதெல்லாம் என்ன ஆச்சு?”

“அக்கா, அப்புறம் பேசலாமே.”

“இப்பவே பேசு.”

“அது எங்கயும் போகலக்கா. அவரு அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பேசப்போறாரு. அதே ஸ்டைல்தான். ஒண்ணும் மாறாது.”

“ஒண்ணும் மாறாதுன்னா அப்புறம் எதுக்குடா மாத்தறீங்க?”

தம்பி தயாரிப்பாளரைத் திரும்பிப் பார்த்தான். தயாரிப்பாளரிடம் எதற்கும் பதில் இருக்கும். தேன் தடவிய நாக்கு அவருக்கு. “அக்கா, கை உங்களுதுதானே? கைதான் உயிரு. குரல் சாரோடது. ரெண்டும் சேர்ந்தா படம் எங்கயோ போயிடும். பெருந்தன்மையா நினைச்சுப் பாருங்க.”

பெருந்தன்மை என்பது எப்போதும் பறிகொடுத்தவனிடம் கேட்கிற பொருள். பறித்தவனிடம் போய் யாரும் கேட்பதில்லை. அக்கா இதை வாய்விட்டுச் சொல்லியிருப்பாள். அதற்குள் வாசலில் சலசலப்பு. பெரிய நடிகரே வந்துவிட்டார், தன் குரலுக்கு ஓணான் எப்படி வாயசைக்கிறது என்று பார்க்க. எளிமையான மனுஷன்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேரே வந்து ஓணானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “என்ன தலைவரே, சௌக்கியமா?” என்று கேட்டார். ஓணானுக்குள் இருந்த கை பழக்கதோஷத்தில் தலையை ஆட்டிவிட்டது. கூடவே நின்ற அக்காவை அவர் பார்க்கவில்லை. பொம்மையாட்டியை யாரும் பார்க்கக்கூடாது என்பதுதானே தொழில். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதுவும் சேர்ந்து அக்காவுக்கு எரிந்தது, கோபத்தைக் காட்டக்கூட நேரான ஆள் அகப்படவில்லையே என்று.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கெடுத்துவிடுவது.

அது ரொம்பச் சுலபம். பொம்மை பேசும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் திறக்க வேண்டும், எழுத்து முடிந்ததும் மூட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். எழுத்து வரும்போது மூடுவார்கள். பார்த்தால் பொம்மை சொற்களைப் பேசாது, கடிக்கும். பார்க்கிறவனுக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் பொம்மை செத்துவிடும். அரை நொடி தள்ளினால் போதும். பெரிய நடிகரின் வழவழப் பாட்டை ஓணான் கடித்துத் துப்பட்டும். குரல் பொருந்தவில்லை என்று அவர்களே சொல்லட்டும்.

வங்கியின் பாதாள அறை மூன்றடி உயரப் பலகைமேல் போடப்பட்டிருந்தது. பலகைக்கு அடியில்தான் பொம்மைக்காரர்களின் உலகம். மண்டியிட்டு, சக்கரம் வைத்த தட்டுப் பலகையில் நகர்ந்து, கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, தரையில் வைத்த சின்ன டிவியைப் பார்த்து ஆட்ட வேண்டும். அந்த டிவிதான் கண். அதில் தெரிவதுதான் கேமராவிலும் தெரியும். ஆட்டுக்காரரும் கோழிக்காரியும் ஒருபுறம். நண்டுக்காரர் கால் நீட்ட இடமில்லாமல் மூலையில் சுருண்டிருந்தார்.

பாட்டு என்றால் ஓணானின் வலது கைக்குத் தம்பியேதான் வருவான், இயக்குநராக இருந்தாலும். குனிந்து, முழங்கால் சொடுக்குவிட, அக்காவின் தோளருகே வந்து மண்டியிட்டான். தோள்கள் ஒட்டின. அவள் தள்ளி உட்கார்ந்தாள். இடமில்லை. மறுபடி ஒட்டிக்கொண்டது.

அவன் சட்டைக் காலரில் ஒரு மைக் உண்டு. இயக்குநர் சொல்வது கூடத்தில் எல்லோருக்கும் கேட்க வேண்டுமே, அதற்கு. கீழே இறங்கும்போது அதை அணைத்துவிடுவான். இன்றைக்கு அணைக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்த கலக்கத்தில் மறந்துபோனான்.

பாட்டு தொடங்கியது. அக்கா கடிக்கத் தயாரானாள்.

கை கேட்கவில்லை. முதல் வரியில் வாய் திறந்தது சரியாக எழுத்தின்மேல். சரி, அடுத்த வரியில் என்று பல்லைக் கடித்தாள். அடுத்த வரியிலும் அச்சுப் பிசகவில்லை. பூட்டின் சத்தம் கேட்டு ஓணான் நடுங்குகிற மூன்றாம் வரியில், அந்த நடிகர் கொடுக்காத நடுக்கத்தையும் அவள் மணிக்கட்டு கொடுத்தது. ஓணானுக்கு முன்னாலும் எத்தனையோ பொம்மை பிடித்து, முப்பது வருடமாகக் காய்ச்சுப்போன கை. கெட்ட வேலை செய்யச் சொல்லி அதை யாரும் பழக்கவில்லை. தன் கையே தன்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்று அக்காவுக்கு அழுகை வந்தது, அழுகையைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. தம்பியின் கை வழக்கம் போல அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது, வெட்கமில்லாமல்.

பாட்டு முடிந்தது. மேலே கைதட்டல். “சார், உங்க குரலுக்கு உயிர் வந்துடுச்சு சார்!” என்று தயாரிப்பாளர் சொல்வது கேட்டது.

இந்த மாதிரிப் படத்தில் ஒரு டேக் முடிந்ததும் கேமராவை நிறுத்தமாட்டார்கள். பொம்மைகளை இறக்கினால் மறுபடி ஏற்றிச் சரிசெய்ய அரைமணி நேரம் பிடிக்கும். ஆகவே ஓடவிட்டபடியே அடுத்த டேக்குக்குப் போவார்கள். அதுவரை பொம்மையும் இறங்கக்கூடாது, தொங்கக்கூடாது. பலகைக்கு மேலே தெரிகிறவரை அது உயிரோடு இருக்க வேண்டும். அது இவர்கள் தொழிலின் முதல் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கை அதைத்தான் செய்யும்.

“நல்லா இருந்துச்சுக்கா” என்றான் தம்பி மெதுவாக.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

“நல்லா இருந்துச்சா? எதுடா நல்லா இருந்துச்சு? என் தொண்டையை அறுத்து அடுத்தவன் கழுத்துல மாட்டிட்டு, நல்லா இருந்துச்சாம்!”

“கத்தாதக்கா. மேல கேக்கும்.”

“கேக்கட்டும். உனக்குத்தான் காது செத்துப்போச்சு, மத்தவங்களுக்காவது கேக்கட்டும்.”

“நான் என்னக்கா பண்றது? அவரு குரல் இல்லன்னா தியேட்டரே கிடைக்காதுன்னுட்டாங்க. படமே நின்னுடும்னாங்க. இத்தனை பேரு வேலை...”

“அதை எங்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன? மூணு வாரமா எனக்கு எதிர்லயே உக்காந்து சாப்பிட்டியே, ஒரு வாய் உள்ள இறங்கும்போதுகூடவா உறுத்தல?”

“சொன்னா நீ விட்டுட்டுப் போயிடுவே.”

“போயிருப்பேன்! போக விட்டிருக்கணும்டா நீ. அதுக்குப் பேருதான் மரியாதை. இது கூட இருந்தே குழி பறிக்கறது.”

“அக்கா...”

“அக்காவாம் அக்கா. பத்து நாள் எச்சி முழுங்க முடியாம கிடந்து, அந்த வலியில வந்த குரல்டா அது. நீ சிரிச்சே. நீ சிரிச்சதாலதான் அது ஓணான் ஆச்சு, இல்லன்னா வெறும் தொண்டை வலி. அதை எடுத்து யாரோ கேட்டாங்கன்னு தூக்கிக் குடுத்துட்டியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நான் உன்னைத் திருடன்னு சொல்லமாட்டேன். திருடனுக்காவது பயம் இருக்கும்.”

பேசும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியைப் பார்க்கவில்லை. மேலே வெடிச்சிரிப்பு எழுந்தபோதுதான் அக்கா குனிந்து பார்த்தாள்.

திரையில் தலைவர் ஓணான் கழுத்தை நீட்டிக்கொண்டு தன் வலது கையைத் திட்டிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்து பிசகாமல் அக்கா சொன்னதெல்லாம் ஓணானின் வாயில் வந்திருக்கிறது. அவளுக்குக் கோபம் வரவர அந்தக் கரகரப்பும் கீச்சும் முறிவும் தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வலது கையோ காற்றைத் தடவி அமைதி அமைதி என்கிறது, நெற்றியில் அடித்துக்கொள்கிறது, கும்பிடுகிறது, வெட்கப்பட்டு முதுகுக்குப் பின்னால் ஒளிகிறது. தம்பியின் கையும் தன் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலர் மைக் வழியாக எல்லாம் கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. பல வருடம் ஒன்றாகப் பொம்மை பிடித்த அக்காளும் தம்பியும் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு மானக்கேடு நேராது.

தம்பி அவசரமாக மைக்கை அணைத்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சவுண்டுக்காரர் சிரிக்கவில்லை என்று, பலகை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த கோழிக்காரி அப்புறம் சொன்னாள். அவருக்கு அது சண்டை என்று தெரிந்துவிட்டது.

“நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க!” தயாரிப்பாளர் கத்தினார். “இது படத்துல வரணும்! என்ன ஒரு காமெடி! தன் கையோடவே சண்டை போடுது பாருங்க!”

“யாரு அது பேசினது?” என்று பெரிய நடிகர் கேட்டார். அவர் குரலில் நிஜமான ஆர்வம் இருந்தது.

“அது சும்மா டெம்ப்ரவரி சார். பொம்மை புடிக்கிறவங்க.”

“நல்லாருக்கே.”

“நீங்க பேசினா இன்னும் எங்கயோ போயிடும் சார்.”

பிறகு நடிகர், “எழுதிக் குடுங்க, பேசிப் பாக்கறேன்” என்றார்.

காட்சிக் குறிப்பு எழுதுகிற பெண்மணி நோட்டோடு குனிந்து பலகைக்கு அடியில் தலையை விட்டாள். அவள் மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்கிறாள். “அக்கா, ‘ஒரு வாய் உள்ள இறங்கும்போதுகூடவா உறுத்தல’, அதுக்கப்புறம் என்ன சொன்னீங்க? மரியாதைன்னு ஏதோ வந்துச்சே. கொஞ்சம் மெதுவாச் சொல்றீங்களா, எழுதிக்கறேன்.”

அக்கா அவளையே பார்த்தாள். இதற்கு மேல் ஒரு மனுஷியிடமிருந்து எடுக்க என்ன இருக்கிறது? பாட்டை எடுத்தார்கள். சரி, பாட்டு எழுதியவர் எழுதியது. பாடிய குரலை எடுத்தார்கள். இப்போது அதை எடுத்ததற்காக அவள் பட்ட கோபத்தையும் எடுக்க வருகிறார்கள், நோட்டும் பேனாவுமாக. இன்னும் கத்தினால் அதுவும் காட்சி. அழுதால் அதுவும் காட்சி. ஓணானைத் தூக்கி நடிகர் தலைமேல் எறிந்தால் அதற்குத்தான் ரொம்பக் கைதட்டல் கிடைக்கும்.

“நீ சொல்லு” என்றாள் தம்பியிடம். “நீதானே டைரக்டர். இதையும் குடுக்கலாமா?”

தம்பி நோட்டுக்காரியைப் பார்த்தான், மேலே பலகையைப் பார்த்தான். “அக்கா... ஒரே ஒரு டேக். அவங்க திருப்திக்கு. அப்புறம் நான் பேசிக்கறேன்.”

“அப்புறமா?”

“சத்தியமாக்கா.”

“சரி” என்றாள் அக்கா.

அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்றது தம்பிக்கே நல்லதாகப் படவில்லை. ஆனால் மேலே எல்லோரும் தயாராகிவிட்டார்கள். சண்டையை அப்படியே முதலிலிருந்து ஒருமுறை, குரல் வேண்டாம், வாயசைவும் கையசைவும் போதும், சத்தம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர் விளக்கினார். ஆக்‌ஷன் என்றும் அவரே சொன்னார்.

ஓணான் தலையைத் தூக்கியது. நேராகக் கேமராவைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டிருந்தது.

செத்த பொம்மை இல்லை அது. மணிக்கட்டின் சின்ன ஏற்ற இறக்கத்தில் மூச்சு விட்டது. கழுத்து லேசாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது. கண்ணாடிக் கண் இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. எதிரே நிற்கிறவர்களை ஒவ்வொருவராக அளந்து பார்க்கிற மாதிரி இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. வாய் திறந்தால்தானே அதற்குள் வார்த்தையை ஊற்ற முடியும். மூடிய வாயில் எவ்வளவு பெரிய நடிகரும் எதையும் ஊற்ற முடியாது.

முதலில் சிரித்தார்கள். ஏதோ புதுக் குறும்பு என்று நினைத்தார்கள். தம்பியின் கை முன்பு போலக் கும்பிட்டது, காற்றைத் தடவியது. ஓணான் அதைத் திரும்பிப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. மறுபடி கேமராவைப் பார்த்தது.

“டயலாக்! டயலாக் எங்க?” என்றார் தயாரிப்பாளர்.

கை ஓணானின் தாடையைச் சொறிந்தது, கிச்சுகிச்சு மூட்டியது, மூக்கைத் தட்டியது. யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஆட்டைப் பிடித்திருந்தவர் தன் ஆட்டை மெல்ல ஓணான் பக்கம் திருப்பினார். அதுவும் வாயை மூடிக்கொண்டது. கோழிகள் இரண்டும் மூடிக்கொண்டன. நண்டுக்கு வாயே கிடையாது, கொடுக்கை மடக்கிக்கொண்டது.

“அக்கா, திற” என்று தம்பி கிசுகிசுத்தான். “ப்ளீஸ்.”

அக்காவின் தோள் தீயாக எரிந்தது. மேலே தூக்கிய கையை இப்படி அசையாமல் வைத்திருப்பது ஆட்டுவதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். அவள் நரம்புகள் துடித்தன. “உன் கை மேலதானே இருக்கு” என்றாள். “நீயே திற.”

“என்னய்யா நடக்குது கீழ? வாயைத் திறக்கச் சொல்லு!” என்று மேலேயிருந்து தயாரிப்பாளர் அதட்டினார்.

தம்பியின் கை ஓணானின் வாய்க்கு வந்தது. விரல்கள் கீழ்த்தாடையைப் பிடித்தன. பஞ்சுக்கும் துணிக்கும் அடியில் அவனுக்கு அக்காவின் கட்டைவிரல் கிடைத்திருக்க வேண்டும். அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு இழு இழுத்தால் திறந்துவிடும், அவளிடம் தடுக்கத் தெம்பில்லை. அவள் டிவியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். இழுக்கட்டும், அவன் கையாலேயே ஆகட்டும் என்று நினைத்தாள்.

கை இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு விரல்களை விரித்து, உள்ளங்கையைத் திருப்பி, ஓணானின் வாயைப் பொத்தியது. அழுத்திப் பொத்தியது. அவன் தோளின் கனம் முழுக்க அவள் தோளில் சாய்ந்தது.

மேலே தயாரிப்பாளர் இயக்குநரின் பெயரைச் சொல்லிக் கத்தினார். இரண்டாவது தடவையும் கத்தினார். தம்பி கையை எடுக்கவில்லை.

“இதை மொதல்லயே செஞ்சிருக்கணும்டா, துரோகி” என்றாள் அக்கா. மன்னிப்பதாக அவளுக்கு எண்ணமே இல்லை. ஆனால் அவன் கைக்குக் கீழே தன் கையை இறக்காமல் பிடித்துக்கொண்டாள், கேமரா நிற்கிறவரை.